காரணம்: பின்னணி ஓசை

தாய்மொழி எது, ஒன்றை மட்டும் தொடவும்
என்றது செயலி.
ராயக்கோட்டையில் வந்து இதைக் கேட்கிறதே என்று
சிரிப்பு வந்தது.
அம்மாவோடு சண்டை தெலுங்கில்,
திம்மராயனோடு குடித்தனம் கன்னடத்தில்,
பக்கத்து வீட்டு ஷமீமாவிடம் கைமாத்து கேட்பது
அவள் உருது பாதி, என் உருது மீதி.
கணக்கு மட்டும் தமிழில்தான் வரும் எனக்கு.
வாக்கியத்துக்கு மூன்று ரூபாய் என்பதால்
தமிழைத் தொட்டேன்.

முந்நூறு வாக்கியம்.
"வரவேற்பறை விளக்கை அணைக்கவும்."
வரவேற்பறை இல்லை எங்களிடம்,
தக்காளிப் பெட்டி அடுக்கும் இடம்தான் உண்டு.
"நாளைய வானிலையைக் கூறுக."
யாரும் யாரிடமும் இப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை.
ஃபேனை நிறுத்திவிட்டு
கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு
வேர்த்து ஒழுக, செய்தி வாசிக்கிறவளைப் போல
கூறுக கூறுக என்று
மாசி மாதம் முழுக்கக் கூறிக்கொண்டிருந்தேன்.

அடுத்த வருஷம்
ஓசூர் கம்பெனியில் இருக்கும் கொழுந்தன்
அந்த உருண்டையைக் கொண்டுவந்து வைத்தான்,
கூடவே அது சொன்னால் கேட்கும் ஒரு பல்பு.
சாத்துக்குடி அளவு. கூப்பிட்டால் நீலமாய் ஒரு வளையம்.
அட்டைப்பெட்டியில் மொழிகளின் பட்டியல்:
ஸ்பானிஷ் மூன்று விதம்,
இங்கிலீஷ் ஐந்து விதம்,
தமிழுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி.
குறியைத் தேடிப் போனால் அடியில், பொடி எழுத்தில்,
சோதனை நிலை, சில பகுதிகளில் மட்டும்.
அந்தச் சில பகுதியில் நாங்கள் இருக்கிறோமா என்று
பின்கோடை இரண்டு தடவை அடித்துப் பார்த்தான்.
இருந்தோமாம்.

திம்மராயன் அதன் எதிரே குந்தி
"லேய், லைட் ஆஃப் மாடு" என்றார்.
"லைட்ட நிறுத்துறா" என்றார்.
மாமியார் பாஷை எதற்காவது உதவட்டும் என்று
"லைட்டு ஆர்ப்பு" என்றார்.
வளையம் சுற்றிச் சுற்றி எரிந்துவிட்டு
மன்னிக்கவும் என்றது.
அடுப்படியிலிருந்து, விளையாட்டுக்குத்தான்,
பழைய குரலை எடுத்துச் சொன்னேன்:
"வரவேற்பறை விளக்கை அணைக்கவும்."
அணைந்தது.
அவர் என்னைப் பார்த்திருப்பார். இருட்டில் தெரியவில்லை.

அதிலிருந்து அவர் என்னிடம் சொல்ல
நான் அதனிடம் சொல்ல
அது என்னிடம் சொல்ல.

எனக்குக் காய்ச்சல் கண்ட ஒரு விடிகாலை
அவரே கேட்டிருக்கிறார், ராயக்கோட்டையில் மழை வருமா.
பத்து மணிக்குக் கனமழை என்றதாம்.
பறித்த நாற்பது பெட்டியையும் தார்ப்பாயில் மூடி
மண்டிக்குப் போகாமல்
களத்தில் உட்கார்ந்து வானத்தைப் பார்த்திருக்கிறார்.
மழை பெய்தது,
ராய்ப்பூரில்.
கொழுந்தன் போனில் தேடிச் சொன்னான்.
இங்கே தார்ப்பாய்க்கு அடியில் பழம் வெந்துகொண்டிருந்தது,
மண்டியில் ஏலம் முடிந்து தரையைக் கூட்டிவிட்டார்கள்.
அவர் அதைத் திட்டவில்லை.
"என் வாய் சரியில்ல போல" என்றார்.

அன்று ராத்திரி பழைய போனை சார்ஜில் போட்டேன்.
முந்நூறில் நாற்பத்தொன்றைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள்,
காசு கிடையாது,
எல்லாவற்றுக்கும் ஒரே காரணம்: பின்னணி ஓசை.
அழிக்கச் சொன்னார்கள். அழிக்க மறந்திருந்தேன்.

பதினேழில் ஏலக்காரன்,
"எரநூத்திப் பத்து, எரநூத்திப் பத்து, யாருக்கு?"
எண்பத்து நாலில் ஷமீமாவின் ஆடு.
அப்புறம் பாலக்கோடு பஸ்ஸின் ஹாரன், நீளமாக.
இருநூற்றுப் பன்னிரண்டில்
வரவேற்பறை விளக்கை என்று நான் ஆரம்பிக்கும்போதே
கம்பளிக்கு வெளியே அவர் குரல்,
"ஊட்ட ஆய்த்தா?"
பதில் வராததால் மறுபடி,
"தின்னாவா?"
கொஞ்சம் பொறுத்து, இன்னும் கிட்டே வந்து,
"சாப்ட்டியா நாகவேணி?"

அதற்குப் பிறகு நான்,
தெளிவான உச்சரிப்பில்:
அணைக்கவும்.